சல்லடை, செவ்வு, வாளரம்: கொற்கைத் துறையின் தொழிற்கருவிகள்

கொற்கை என்றதும் இலக்கியம் பயின்றோர் நினைவுக்கு முதலில் வருவது முத்து. பாண்டியரின் துறைமுகம், பொருநை கடலொடு கலந்த இடம், அயல்நாட்டார் அறிந்த சந்தை என்று அடுத்தடுத்துச் சில செய்திகள் தொடரும். சங்கப் பாடல்களிலும் வணிகர் குறிப்புகளிலும் கொற்கையின் முத்து அடைந்த புகழுக்குக் குறைவில்லை. ஆனால் அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர் எந்தக் கருவியைக் கொண்டு எடுத்தார், பெரியதையும் சிறியதையும் எவ்வாறு பிரித்தார், விலையை எந்தக் கணக்கால் முடிவு செய்தார், சங்கை எதனால் அறுத்தார் என்ற கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நம் வரலாற்று நூல்கள் பொருளைப் பாராட்டிய அளவுக்குக் கருவியைப் பேசவில்லை.

சிறுதொழில் செய்வோர் தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டால் வேலை விரையும், விரயம் குறையும், வருவாய் பெருகும் என்று இன்று பல மேடைகளில் கேட்கிறோம். இது புதிய அறிவுரை போலத் தோன்றினாலும், தாமிரபரணிக் கழிமுகத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக நடந்து பார்க்கப்பட்ட செய்திதான். அங்கே சில கருவிகள் சிறுவணிகரை வாழவைத்தன. சில கருவிகள் அவர் கையை விட்டு வேறு ஊருக்குப் போயின. சில, வேலையை விரைவாக்கி உடலைக் கெடுத்தன. இக்கட்டுரையில் அக்கருவிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். வேலை விரைவாயிற்றா என்பதோடு, அவ்விரைவின் பயன் யார் கையில் தங்கியது என்பதையும் சேர்த்தே கேட்போம்.

ஊரும் துறையும்

இன்றைய கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். 1986இல் புதிய மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. வயல்களும் குளமும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. தாமிரபரணி கொணர்ந்து சேர்த்த வண்டலால் கரை கிழக்கே நகர்ந்து, கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊரே மார்க்கோ போலோவின் குறிப்பில் வரும் காயல் என்பர்.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல் கொற்கையைக் ‘கொல்கொய்’ என்று குறிக்கிறது. அங்கே முத்துக்குளிப்பு நடந்ததையும், அவ்வேலையில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதையும் அது கூறுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் இத்துறையை அறிந்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், கொல்கொய் என்பது கொற்கையே என்று நிறுவியதோடு, 1870களில் அங்கே நிலத்தை அகழ்ந்தும் பார்த்தார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரி மாதிரி கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. ஊரிலுள்ள கோயில் ஒன்று இன்றும் ‘அக்கசாலை’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் பணியிடத்தையும் காசு அடிக்கும் இடத்தையும் குறிக்கும் பழஞ்சொல். கொற்கை முத்தைப் பெற்றுக் கப்பலேற்றிய இடம் மட்டுமாக இருக்கவில்லை. கைவினைஞர் பட்டறைகள் நிறைந்த ஊராகவும் இருந்தது என்பதற்கு இப்பெயரே ஒரு சான்று.

எடுத்தலும் பங்கிடுதலும்

முத்துக்குளிப்பின் அடிப்படைக் கருவி ஒரு கல். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, அதன் எடையால் விரைந்து கடலடிக்குச் செல்வார். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். மூச்சு நிற்கும் அளவும் சிப்பிகளைப் பொறுக்கி வலைப்பையில் இட்டு, கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் பையையும் ஆளையும் இழுத்தெடுப்பார். நீந்திக் கீழே செல்லும் உழைப்பைக் கல் மிச்சப்படுத்தியது. அம்மிச்சம் முழுவதும் கடலடியில் கூடுதலாகச் சில நொடிகளாக மாறியது. கொல்லன், தச்சன் எவருடைய உதவியும் வேண்டாத இக்கருவி மன்னார் வளைகுடாவில் பன்னூறு ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்தது.

ஆனால் கல்லுக்கு உரியவர் குளிப்பவராக இருந்தாலும், கடலுக்கு உரியவர் வேறொருவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் தரப்பட்டதாக எழுதுகிறார். போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என ஆட்சி மாறிய போதெல்லாம் பங்கின் அளவும் மாறியது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், கரைக்கு வந்த சிப்பி ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் சிப்பிகள் ஆயிரத்துக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டன. மார்க்கோ போலோ கூறும் பத்தில் ஒன்று, மூன்றில் இரண்டாக வளர்ந்திருந்தது. இவ்வளவு காலத்தில் குளிப்பவரின் கல் மட்டும் மாறவில்லை.

ஏலம் எடுத்த வணிகர் வாங்கியது மூடிய சிப்பியை. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டு, தொட்டியிலோ பழந்தோணியிலோ இட்டு அலசி, அடியில் தங்கும் மண்ணைக் காயவைத்துத் துழாவி முத்தைத் தேடினர். அந்த நிலையிலிருந்துதான் சிறுவணிகரின் திறமை வேலை செய்யத் தொடங்குகிறது. அவர் கையில் இருந்தவை இரண்டு: ஒரு சல்லடைத் தொகுதி, ஒரு கணக்கு முறை.

பத்துச் சல்லடைகள்

முத்தைத் தரம் பிரிப்பது எளிய வேலையன்று. ஒரு பிடி முத்தில் கடுகளவு முதல் மிளகளவு வரை பல அளவுகள் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பதென்றால் நாள் போதாது. பிரிப்பவர் கண்ணுக்குக் கண் அளவும் வேறுபடும். இச்சிக்கலுக்கு இலங்கைக் கரையிலும் தூத்துக்குடிக் கரையிலும் முத்து வணிகர் கண்ட தீர்வு ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைச் சல்லடைகள். கிண்ணம் போன்ற பத்துச் சல்லடைகள்; எல்லாம் ஏறத்தாழ ஒரே அகலம். முதற் சல்லடையின் அடியில் இருபது துளைகள், அடுத்ததில் முப்பது, பிறகு ஐம்பது, எண்பது, நூறு, இருநூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு, கடைசியில் ஆயிரம். அகலம் ஒன்றே ஆகையால், துளைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் துளையின் அளவு சிறுக்கும். முத்துக் குவியலை இருபதாம் பெட்டியில் இட்டுக் குலுக்கினால் மிகப் பெரியவை மேலே நிற்கும், மற்றவை கீழிறங்கும். இவ்வாறு பத்து முறை குலுக்கினால் பத்து அளவுகள் தாமே பிரிந்துவிடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, முத்தின் அளவைக் குறிக்க எந்த அளவுகோலும் இங்கே தேவைப்படவில்லை என்பதே. ‘இருபதாம் பெட்டி முத்து’ என்றாலே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அளவு விளங்கிவிடும். அளப்பது, பிரிப்பது, பெயரிடுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே குலுக்கலில் முடித்துவிடும் கருவி அது. மொழி தெரியாத இரு வணிகர் இடையேயும் அது வழக்கைத் தீர்த்து வைத்தது. விலையோ மிகுதியில்லை. ஒரு பித்தளைக் கன்னான் செய்து தரக்கூடியது. ஒரு துணிப்பையில் அடங்குவது.

அளவு பிரித்தபின் வடிவம், ஒளி, நீரோட்டம் ஆகியவற்றால் தரம் பிரிப்பர். இங்கே கண்ணுக்கும் அனுபவத்துக்கும் இடமுண்டு. ஆணி என்பது உயர்ந்த தரம். வடிவு, குறுவல் என்று இறங்கித் தூள் வரை செல்லும். இப்படிப் பெயரிட்டுப் பிரிக்கும் பழக்கம் நம்மிடையே மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், அணிகலன்களில் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வகைப்படுத்துகின்றன. இலக்கிய மாணவர்க்கு இவை அழகிய சொற்கள். வணிகருக்கு இவை இருப்புப் பதிவேட்டின் தலைப்புகள். பொருளைத் தெளிவாகப் பெயரிட்டுப் பதிந்து வைத்தால் திருட்டும் வழக்கும் குறையும் என்பதைக் கோயில் பண்டாரத்தைக் கண்காணித்தோர் நன்கு அறிந்திருந்தனர். அக்கல்வெட்டுகளில் முத்துகளின் எண்ணிக்கையும், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி ஆகியவற்றில் எடையும் தரப்படுகின்றன. எண்ணும் எடையும் ஆகிய இவ்விரண்டும் அடுத்து நாம் காணவிருக்கும் கணக்குக்கு அடிப்படை.

செவ்வு

முத்தின் விலை எடைக்கு நேர் அளவில் ஏறுவதில்லை. இருமடங்கு எடையுள்ள முத்து இருமடங்கு விலைக்கு விற்காது. அதனினும் மிகுதியாக விற்கும். பெரிய முத்து அரியது என்பதே காரணம். அப்படியானால் பல அளவு முத்துகள் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு விலை சொல்வது எப்படி? இக்கேள்விக்கு நம் கடற்கரை வணிகர் தந்த விடை ‘செவ்வு’ என்னும் கணக்கு.

முறை இதுதான். பொட்டலத்தின் மொத்த எடையை மஞ்சாடியில் காண வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். வருவதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது செவ்வு. ஒரு செவ்வுக்கு இன்ன விலை என்று தரத்துக்கு ஏற்பப் பேசி முடிப்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இருபது மஞ்சாடி எடையில் மூன்று பொட்டலங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். முதற் பொட்டலத்தில் இருபது முத்துகள், இரண்டாவதில் பத்து, மூன்றாவதில் ஒரே ஒரு பெருமுத்து. இருபதை இருபதால் பெருக்க நானூறு. அதில் முக்கால் முந்நூறு. இதனை முறையே இருபது, பத்து, ஒன்று ஆகியவற்றால் வகுத்தால் முதற் பொட்டலம் பதினைந்து செவ்வு, இரண்டாவது முப்பது செவ்வு, மூன்றாவது முந்நூறு செவ்வு. எடை ஒன்றே, மதிப்போ பதினைந்திலிருந்து முந்நூறு வரை. ஒற்றை முத்தின் விலை அதன் எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்ற விதியை, வர்க்கம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் இக்கணக்கு நடைமுறைப்படுத்திவிடுகிறது. பம்பாயிலும் பாரசீக வளைகுடாவின் பஹ்ரைனிலும் இதே கருத்தில் அமைந்த ‘சௌ’ என்னும் கணக்கு வழங்கியது.

இவ்வளவு பெருக்கலையும் வகுத்தலையும் கடற்கரை மணலில் அமர்ந்து, வாங்குபவர் எதிரில் காத்திருக்க, ஒரு சிறுவணிகர் எவ்வாறு விரைந்து செய்தார்? இங்கே திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் செய்விக்கப்பட்டது. கால், அரை, முக்கால் ஆகியவற்றின் வாய்பாடுகள் அதில் அடங்கும். ‘குழிமாற்று’ என்ற பகுதியில் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாடு வரும். நிலத்தின் பரப்பைக் குழிக் கணக்கில் காண்பதற்காக ஏற்பட்டது அது. செவ்வுக்கு வேண்டியவை இவ்விரண்டு வாய்பாடுகளே: எண்ணின் வர்க்கத்துக்குக் குழிமாற்று, முக்கால் பங்குக்கு முக்கால் வாய்பாடு. நிலம் அளக்கக் கற்ற வாய்பாடு முத்தை மதிப்பிடவும் உதவியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து. எழுதுகோலும் ஏடும் இல்லாமல் தலைக்குள் சுமந்து செல்லக்கூடிய கருவி என்பதால், இதனை எவரும் அவரிடமிருந்து பறிக்கவும் இயலவில்லை.

சல்லடையும் செவ்வும் சிறுவணிகருக்குத் தந்த பெரும் பயன் விரைவைக் காட்டிலும் பேரம் பேசும் வலிமையே. தன் பொருளின் மதிப்பைத் தானே கணக்கிட முடிந்தவரை ஏமாற்றுவது கடினம். வெளியூர்ப் பெருவணிகர் வந்து மனம்போன விலை சொல்லும்போது, ‘செவ்வு இத்தனை’ என்று மறுமொழி கூற முடிந்தது. ஆனால் அக்கணக்கை அறியாத குளிப்பவருக்கு இவ்வலிமை வாய்க்கவில்லை. அவர் தம் பங்குச் சிப்பிகளைப் பெரும்பாலும் கரையிலேயே, திறவாமலே விற்றுவிட்டார். அழுகவிட்டு அலசும் வரை காத்திருக்க அவரிடம் நாளும் இல்லை, பொருளும் இல்லை. ஒரே கரையில், ஒரே பொருளைக் கொண்டு, கருவி அறிந்தவர் வணிகராகவும் அறியாதவர் கூலியாகவும் நின்ற வரலாறு இது.

வாளரம் போன வழி

முத்துக்கு நேர்ந்ததைவிடச் சங்குக்கு நேர்ந்தது நம்மை இன்னும் சிந்திக்க வைப்பது. மதுரைக்காஞ்சி மதுரை நகரத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்தும்போது சங்கை அறுத்துக் கடைவோரை முதலில் வைக்கிறது. அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், வேள்வித் தொழில் செய்யாத பார்ப்பனர் அரத்தால் சங்கை அறுத்து வளை செய்ததைக் குறிப்பிடுகிறார். வளையல் எடுத்தபின் எஞ்சிய சங்கின் தலைப்பகுதியை அவர் ஓர் உவமையாக்குவதும் உண்டு. கழிவுப் பொருளைக் கூட உற்றுப் பார்த்த கண் அது.

இப்பாடல்களின் உண்மையை நிலத்தில் கண்டவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த அவர், 1914இல் வெளியிட்ட இந்தியச் சங்கு பற்றிய நூலில், கொற்கையிலும் காயலிலும் தாம் கண்ட சங்குத் துண்டுகளைப் பற்றி எழுதினார். அத்துண்டுகளில் அரம் ஓடிய தடம் தெளிவாகத் தெரிந்தது. முழுச் சங்கு தானே உடைந்தால் அப்படி நேர்கோட்டில் உடையாது. எனவே வளையல் தொழில் அங்கேயே நடந்தது என்று அவர் முடிவு செய்தார்.

அவர் அதே நூலில் வங்காளத்தின் டாக்கா நகரத்துச் சங்குத் தொழிலாளரையும் விரிவாக எழுதுகிறார். பிறைநிலவு போன்ற வடிவில், இரு பக்கமும் பிடியுள்ள கனத்த இரும்பு அரம். தரையில் அமர்ந்த தொழிலாளி கால்களுக்கிடையே சங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரத்தை இடமும் வலமுமாக ஆட்டி அறுக்கிறார். சங்கின் நடுத்தண்டைச் சுத்தியால் தட்டி எடுத்தபின், ஓட்டை வளையம் வளையமாக அறுத்து, உட்புறம் தேய்த்து, மேலே பூவேலை செதுக்குகின்றனர். வங்காளத்து மணமான இந்துப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளை இவ்வாறு உருவானது. அதற்கான சங்கு எங்கிருந்து போனது? பெரும் பகுதி மன்னார் வளைகுடாவிலிருந்து, தூத்துக்குடி வழியாக.

அதாவது, ஒரு காலத்தில் கொற்கைக் கரையில் எடுத்த சங்கு கொற்கையிலேயே அறுக்கப்பட்டது. பிற்காலத்தில் அறுப்பு அரம் மட்டும் வங்காளத்தில் நிலைத்துவிட, இங்கிருந்து முழுச் சங்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. சங்குக்குளிப்பு அரசின் தனியுரிமையாக இருந்ததால், அரசும் முழுச் சங்கை மொத்தமாக ஏலம் விடுவதையே வசதியாகக் கண்டது. கரையில் சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்த்து, அளவு குறைந்தவற்றைக் கழித்து, மற்றவற்றைக் கணக்கிட்டு விற்றனர். மூலப்பொருளின் விலைக்கும் செதுக்கிய வளையின் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் வேறு ஊரில் தங்கியது.

இது எவருடைய சூழ்ச்சியும் என்று நாம் சொல்ல வரவில்லை. தென்னாட்டுப் பெண்கள் சங்கு வளை அணிவதைக் கைவிட்டது, துறைமுகம் பெயர்ந்தது, அரசுகள் மாறியது எனக் காரணங்கள் பல. ஆனால் விளைவு ஒன்றே. பட்டறை போன ஊரில் பட்டறிவும் போய்விடுகிறது. ஒரு தலைமுறை அரத்தைக் கைவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதைப் பிடிக்கும் முறை தெரியாது. மூன்றாம் தலைமுறைக்கு அப்படி ஒரு கருவி இருந்ததே தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் கையரத்தின் இடத்தை மின்விசையால் சுழலும் அறுவைச் சக்கரம் பிடித்தது. வேலை பன்மடங்கு விரைந்தது. அறுப்போர் பலர் வேலையிழந்தனர், எஞ்சியோர் சங்குத் தூசியைச் சுவாசிக்க நேர்ந்தது. ஆனாலும் தொழிலும் வடிவமைப்பும் சந்தையும் அங்கேயே இருந்தன. புதிய கருவி பழைய கருவி இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. கொற்கைக்கு வரவில்லை, வந்தாலும் அதைத் தொட்டுப் பயன்படுத்த இங்கே கை இல்லை.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

தனியொரு சிறுவணிகரால் வாங்க முடியாத கருவியை என்ன செய்வது? இக்கேள்விக்குத் தூத்துக்குடி ஒருமுறை துணிந்து விடை கூறியது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தபின் இலங்கையுடன் வணிகம் பெருகியது. ஆனால் கொழும்புக்குச் செல்லும் நீராவிக் கப்பல் ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. சரக்குக் கூலியை அவர்கள் வைத்ததே விலை. பாய்மரத் தோணிகள் உண்டெனினும், காலத்தில் போய்ச் சேரும் உறுதியில் அவை நீராவிக்கு ஈடாகா.

1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், நாற்பதாயிரம் பங்குகள், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். நாம் அதனை நாட்டுப்பற்றின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம், அது சரியே. அதனோடு, சிறுவணிகர் பலர் சேர்ந்து ஒரு பெருங்கருவியைச் சொந்தமாக்கிக்கொண்ட முயற்சியாகவும் அதனைப் படிக்கலாம். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.

கப்பலின் தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நட்டத்தைத் தாங்கி நிற்கும் நிதி வலிமையும், ஆட்சியாளர் ஆதரவும் எதிர்த்தரப்பில் இருந்தன. கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துக் காத்திருக்கக் கூடியவருக்கும், மாதக் கடைசியில் சம்பளம் தர வேண்டியவருக்கும் இடையில் போட்டி நடந்தது. இன்று சலுகை விலையில் பொருள் விற்கும் பெருநிறுவனச் செயலிகளுக்கு எதிரே மளிகைக் கடைக்காரர் நிற்கும்போது, இந்தப் பழைய கதையின் சாயலை நாம் காணாமல் இருக்க முடிவதில்லை.

கல்லும் கம்ப்ரஸரும்

முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது, அதன்பின் நடக்கவில்லை. சிப்பிப் படுகைகள் தேறவில்லை. உலகச் சந்தையோ அதற்கு முன்பே ஜப்பானின் வளர்ப்பு முத்துக்கு மாறிவிட்டிருந்தது. மிகிமோட்டோ 1893இல் முதல் அரைவட்ட வளர்ப்பு முத்தைப் பெற்றார். 1930களில் வளர்ப்பு முத்தின் வரவும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து, பஹ்ரைன், குவைத் முத்துக்குளிப்பை முறித்தன. நம் பக்கத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மேற்கொண்ட ஆய்வில், க. அழகர்சாமி தலைமையில் 1973இல் உருண்டை வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்க்கவும் கற்றனர். அறிவியல் வெற்றி பெற்றது. ஆனால் குளிப்போர் குடும்பங்கள் வாழும் ஒரு கரைத்தொழிலாக அது வேர்கொள்ளவில்லை. கருவியை ஆய்வுக்கூடத்திலிருந்து கரைக்குக் கொண்டு செல்லும் பாலம் அமையவில்லை.

குளிப்போர் சங்குக்குத் திரும்பினர். சில பத்தாண்டுகளாகத் தூத்துக்குடிச் சங்குக்குளிப்பில் கம்ப்ரஸர் புகுந்திருக்கிறது. படகில் இயந்திரம் காற்றை அழுத்தி அனுப்ப, நீண்ட குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு குளிப்பவர் இறங்குகிறார். கல்லைக் கட்டி இறங்கியவர் ஒரு மூச்சில் ஓரிரு நிமிடம் நின்ற இடத்தில், இவர் நெடுநேரம் நிற்கிறார். சங்கு மிகுதியாகக் கிடைக்கிறது. செயல்திறன் என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால் இது பெரும் முன்னேற்றம்.

ஆனால் ஆழத்தில் நெடுநேரம் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு விரைந்து மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலி, கைகால் செயலிழப்பு, உயிரிழப்பு வரை அது போகலாம். இயந்திரத்தின் எண்ணெய்ப் புகை காற்றோடு கலந்தால் நுரையீரலுக்கும் கேடு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், மேலே வரும்போது எங்கே எத்தனை நிமிடம் தங்கி வர வேண்டும் என்பதற்கு உலகெங்கும் அட்டவணைகள் உண்டு. தங்கி ஏறுவதற்கு ஆகும் கூடுதல் செலவு நேரம் மட்டுமே. ஆனால் கருவி வந்த வேகத்தில் அட்டவணை வரவில்லை. முத்து வணிகருக்குச் சல்லடையோடு செவ்வும் சேர்ந்து வந்தது. குளிப்பவருக்கு இயந்திரம் மட்டும் வந்தது. கருவியையும் அதற்குரிய கணக்கையும் பிரித்துக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இப்பகுதியில் இல்லை.

இன்றைய கடைத்தெரு

கொற்கைக்கு அண்மையில், அதே ஆற்றங்கரையில் இருப்பது ஆத்தூர். அங்கே விளையும் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் அக்குறியீட்டைப் பெற்றது. ஆற்றின் மேற்பகுதியில், கோரையை நுண்ணிழையாகக் கிழித்து நெய்யும் பத்தமடைப் பாய்க்கு அதற்குப் பத்தாண்டு முன்பே, 2013இல் கிடைத்தது. ஒரு பொருளின் பெயரைப் பிறர் கவர்ந்துகொள்ளாமல் காக்கும் சட்டக் கருவி இது. தஞ்சைக் கல்வெட்டு முத்துக்குப் பெயரிட்டுப் பதிந்த வேலையை வேறு வகையில் இது செய்கிறது. ஆனால் பெயர் பதிவேட்டில் இருப்பது மட்டும் போதாது. அப்பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை கொடிக்கால் வரை, தறி வரை வந்து சேர வேண்டும்.

2016இல் யுபிஐ வந்தபின் ஏரல் கடைத்தெரு போன்ற சிற்றூர்ச் சந்தைகளிலும் கைப்பேசியில் பணம் பெறுவது வழக்கமாகிவிட்டது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் கணக்கைக் கணினியில் எழுதும் தேவையும் மிகுந்தது. மின்னணுத் தராசு, கைப்பேசியில் வரும் சந்தை நிலவரம், வாட்ஸாப்பில் அனுப்பும் படம் என்று எளிய கருவிகள் சிறுவணிகரின் வேலையைக் குறைத்திருப்பது உண்மை. இவற்றை மறுப்பதும் பழித்தலும் நம் நோக்கமன்று. நாள்வழியும் பேரேடும் எழுதத் தெரிந்த ஒரு தலைமுறை மறைந்துவரும் வேளையில், கணக்கைக் கைப்பேசி காப்பது நன்மையே.

ஆயினும் கொற்கையின் வரலாற்றைப் படித்தவர் இக்கருவிகளை வாங்கும் முன் சில கேள்விகளைக் கேட்பார். இக்கருவி என் பொருளின் மதிப்பை எனக்குச் சொல்கிறதா, அல்லது என்னைப் பற்றிய செய்தியைப் பிறர்க்குச் சொல்கிறதா? செவ்வு முதல் வகை. வாங்குவோர் பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கடைக்காரருக்கு ஆணைச்சீட்டை மட்டும் அனுப்பும் செயலி இரண்டாம் வகை. அதனைப் பழுது பார்க்க என் ஊரில் ஆள் உண்டா? பித்தளைச் சல்லடைக்கு உண்டு. தனியாக வாங்க இயலாதென்றால் பத்துப்பேர் சேர்ந்து வாங்க வழியுண்டா? சேர்ந்து வாங்கினால் விலைப்போரைத் தாங்கும் சேமிப்பும் உண்டா? அதைக் கையாளும் உடலுக்கு என்ன நேரும்? கடைசியாக, அறுக்கும் வேலை எங்கே நடக்கப் போகிறது, என் கரையிலா, வேறு ஊரிலா?

ஹார்னெல் எடுத்துப் பார்த்த சங்குத் துண்டு இக்கேள்விகளில் கடைசியானதை எழுப்புகிறது. சங்கு வளையல் செய்த கை ஒரு காலத்தில் இம்மண்ணில் இருந்தது. அறுத்த தடம் எஞ்சியிருக்கிறது. பத்தமடையில் கோரை கிழிக்கும் கையும், உடன்குடியில் பதநீர் காய்ச்சும் கையும் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற கருவியைச் செய்து தருவதும், அக்கருவிக்குரிய கணக்கையும் உடன் கற்றுத் தருவதும் நம் பொறியியல் கல்லூரிகளாலும் தொழிற்கூடங்களாலும் இயலாத காரியமன்று. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் அத்தகைய கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. அங்குப் பயிலும் மாணவர், ஒருமுறையேனும் பத்தமடையின் தறியருகே அமர்ந்து, நெய்பவர் எந்த இடத்தில் தடைப்படுகிறார் என்று பார்த்து வருவது நல்ல தொடக்கமாக அமையும்.